வினு மன்கட்: ஒரே ஒரு உத்தரவாதம் கேட்டவர்… கிரிக்கெட் வீரரின் சம்பளம் எப்படி முடிவாகிறது?

மன்கட் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது அஸ்வின்தான். 2019 மார்ச் மாத ஐபிஎல் மேட்ச். பந்து போட ஓடி வந்த அஸ்வின், கிரீஸை விட்டு வெளியே நகர்ந்திருந்த ஜோஸ் பட்லரை ரன் அவுட் செய்தார். அன்று இரவு முழுக்க சோஷியல் மீடியாவில் ஓடிய வார்த்தை 'மன்கடிங்'.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் 1978-லேயே இறந்துவிட்டார். ஒரு ரன் அவுட்டுக்காக மட்டும் அவரை ஞாபகம் வைத்திருப்பது கொஞ்சம் அநியாயம். இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியை சேப்பாக்கத்தில் சுழற்றி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அதே வருஷம், கிரிக்கெட் வாரியத்திடம் ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டு, அதற்குப் பதில் கிடைக்காமல் வேறு வேலைக்குப் போனவரும் அவர்தான்.

கையில் ஒரு கம்பெனியின் ஆஃபர் லெட்டர், இன்னொரு கம்பெனியில் இருந்து வராத பதில், நடுவில் கையெழுத்துப் போட வேண்டிய கடைசித் தேதி. இந்த நிலைமையில் நின்றிருக்கிறீர்களா? 1952-ல் வினு மன்கட் நின்றது அதே இடத்தில்தான். இன்று ஐபிஎல், டிஎன்பிஎல் ஆடும் 20 வயதுப் பையன்களின் சம்பளம் எப்படி முடிவாகிறது என்று புரிய வேண்டுமானால், அவருடைய கதையில் இருந்து தொடங்குவது நல்லது.

யார் இந்த மன்கட்?

1917 ஏப்ரல் 12 அன்று, குஜராத்தில் உள்ள ஜாம்நகரில் பிறந்தார். முழுப் பெயர் முல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட். வினு என்பது செல்லப் பெயர். கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது.

ஜாம்நகர் அப்போது நவாநகர் சமஸ்தானத்தின் தலைநகரம். ரஞ்சிக் கோப்பைக்குப் பெயர் தந்த ரஞ்சித்சிங்ஜி ஆண்ட ஊர். மன்னரே இங்கிலாந்து அணிக்காக டெஸ்ட் ஆடியவர் என்பதால் அங்கே கிரிக்கெட்டுக்குத் தனி மரியாதை. இங்கிலாந்தின் சசெக்ஸ் கவுண்டி வீரர் பெர்ட் வென்ஸ்லியைப் பயிற்சி கொடுக்க அழைத்து வந்திருந்தார்கள். ரஞ்சித்சிங்ஜியின் சகோதரர் மகன் துலீப்சிங்ஜியும் இளைஞர்களைக் கவனித்துக்கொண்டார். இந்தச் சூழலில் வளர்ந்தவர் மன்கட். வலது கை பேட்ஸ்மேன், இடது கை சுழற்பந்து வீச்சாளர்.

1936-37-ல் நவாநகர் ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் மன்கட் இருந்தார். அடுத்த வருஷம் லார்ட் டென்னிசன் தலைமையில் ஒரு ஆங்கிலேய அணி இந்தியா வந்தது. அந்த அணிக்கு எதிரான அதிகாரப்பூர்வமற்ற டெஸ்ட்களில் பேட்டிங், பந்துவீச்சு இரண்டிலும் சராசரியில் முதலிடம் பிடித்தார். அப்போது அவருக்கு 20 வயதுதான்.

இன்றைக்கு ஒரு 20 வயதுப் பையன் இப்படி ஆடியிருந்தால் அடுத்த ஏலத்தில் கோடிகள் கொட்டியிருக்கும். மன்கட்டுக்கு வந்தது உலகப் போர். 1936-க்குப் பிறகு இந்தியா அடுத்த டெஸ்ட்டை ஆடியதே 1946-ல்தான். லார்ட்ஸில் அறிமுகமானபோது அவருக்கு வயது 29. ஒரு கிரிக்கெட் வீரரின் வாழ்க்கையில் மிக நல்ல வருஷங்கள் சும்மாவே கழிந்துவிட்டன.

ஆனாலும் அந்த 1946 பயணத்தில் 1,120 ரன், 129 விக்கெட் எடுத்தார். 1947-ல் விஸ்டன் இதழ் தேர்ந்தெடுத்த 5 சிறந்த வீரர்களில் ஒருவரானார். அதே ஆண்டு டிசம்பர் 13-ல் சிட்னி டெஸ்ட்டில், கிரீஸை விட்டு வெளியேறிய ஆஸ்திரேலிய வீரர் பில் பிரவுனை ரன் அவுட் செய்தார். மன்கடிங் என்ற சொல் பிறந்தது இங்கேதான். எதிரணிக் கேப்டன் டான் பிராட்மேன் மன்கட்டின் பக்கம்தான் நின்றார். 2022-ல் எம்சிசி இந்த வகை அவுட்டை, நியாயமற்ற ஆட்டம் என்ற விதியில் இருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் விதிக்குள் சேர்த்துவிட்டது. ஆக, அந்தப் பஞ்சாயத்து ஒருவழியாக முடிந்தது.

அப்போது கிரிக்கெட் ஆடினால் எவ்வளவு கிடைத்தது?

சொன்னால் நம்ப மாட்டீர்கள். 1950-களில் ஆடிய வீரர்கள் பின்னாளில் சொன்ன கணக்குப்படி, இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் ஆடினால் 250 ரூபாய். அதாவது நாளுக்கு 50 ரூபாய். 5 நாள் மேட்ச்சை 4 நாளில் ஜெயித்துவிட்டால் ஒரு நாள் காசு போச்சு என்று பழைய வீரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம்.

வருஷத்துக்கு எத்தனை டெஸ்ட் என்பதும் நிச்சயம் கிடையாது. சில வருஷங்களில் ஒன்றுகூட இருக்காது. ஆக, இந்தியாவுக்கு ஆடுவது கௌரவம். குடும்பம் நடத்த வேறு வழி பார்க்க வேண்டும்.

அந்த வேறு வழி என்ன? முதலில் சமஸ்தானங்கள். மன்னர் ஒரு வேலை போட்டுக் கொடுப்பார், வீரர் அவருடைய அணிக்கு ஆடுவார். சுதந்திரத்துக்குப் பிறகு மன்னர்களின் இடத்தை ரயில்வேயும் வங்கிகளும் கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. நம்ம சென்னை லீக்கிலும் இதே கதைதான். பல தலைமுறை வீரர்கள் வங்கியிலும் தனியார் நிறுவனத்திலும் வேலை வாங்கியது கிரிக்கெட்டால். அவர்களுக்கு மாதச் சம்பளம் தந்தது ஆபீஸ்.

கிரிக்கெட் ஆடுவதற்கென்றே நேரடியாகச் சம்பளம் தந்த இடம் ஒன்று உண்டு. அது இங்கிலாந்தின் வடக்கே இருந்தது.

லங்காஷயர் லீக்: ஊருக்கு ஒரு புரொபஷனல்

லங்காஷயர் என்றால் நூல் மில்கள் நிறைந்த பகுதி. நம்ம திண்டுக்கல், கோவை பக்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சின்ன ஊருக்கும் ஒரு கிளப். சனிக்கிழமை மதியம் மேட்ச். 10 பேர் உள்ளூர்க்காரர்கள்: மில் தொழிலாளி, கிளார்க், வாத்தியார் என்று. 11-வது ஆள் மட்டும் காசு கொடுத்துக் கூட்டி வந்த புரொபஷனல்.

அந்த ஒருவருக்கு வேலை அதிகம். ரன்னும் அடிக்கணும், விக்கெட்டும் எடுக்கணும், வாரநாட்களில் கிளப் பசங்களுக்குப் பயிற்சியும் கொடுக்கணும். அவரைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். டிக்கெட் காசும் உறுப்பினர் சந்தாவும்தான் கிளப்பின் வருமானம். எனவே கூட்டத்தை இழுக்கும் ஆளுக்குக் கிளப் நல்ல தொகை தந்தது. இது போக, 50 ரன்னோ 5 விக்கெட்டோ எடுத்தால் மைதானத்தைச் சுற்றித் துண்டு ஏந்துகிற மாதிரி வசூல் நடக்கும். அந்தக் காசும் வீரருக்கே.

வெஸ்ட் இண்டீஸின் லியரி கான்ஸ்டன்டைன் 1929 முதல் நெல்சன் கிளப்புக்கு ஆடிப் பெயர் வாங்கினார். நவாநகர் வேகப்பந்து வீச்சாளர் அமர் சிங், கோல்ன் கிளப்புக்கு ஆடினார். அதே பாதையில் போன மன்கட்டுக்கு ஹாஸ்லிங்டன் என்ற கிளப் வேலை தந்தது.

பழனி பக்கம் கீரனூர் மாதிரி ஊர்களில் டென்னிஸ் பால் டோர்னமென்ட் பார்த்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது. வெளியூரில் இருந்து ஒரு நல்ல ஆட்டக்காரரை, பெட்ரோல் காசும் கையில் கொஞ்சமும் கொடுத்துக் கூட்டி வருவோமே, அதேதான். என்ன, அங்கே அது சீசன் முழுக்க ஒப்பந்தம். எழுத்தில் இருக்கும். தேதி இருக்கும். தொகை இருக்கும்.

இந்த மூன்றும் இந்திய வாரியத்திடம் கிடையாது. பிரச்சினையே அங்குதான் ஆரம்பித்தது.

சேப்பாக்கம், 1952 பிப்ரவரி

1932-ல் டெஸ்ட் ஆட ஆரம்பித்த இந்தியா 20 வருஷமாக ஒரு டெஸ்ட்கூட ஜெயிக்கவில்லை. 1951-52-ல் இங்கிலாந்து அணி வந்தது. கடைசி டெஸ்ட் மெட்ராஸில். பிப்ரவரி 6 அன்று மேட்ச் தொடங்கியது. அன்றைக்குத்தான் இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்த செய்தியும் வந்தது. மறுநாள் ஆட்டம் இல்லை.

முதல் இன்னிங்ஸில் மன்கட் 55 ரன் கொடுத்து 8 விக்கெட். இங்கிலாந்து 266-ல் சுருண்டது. பங்கஜ் ராய், பாலி உம்ரிகர் சதம் அடிக்க இந்தியா 457 ரன் குவித்து டிக்ளேர் செய்தது. இரண்டாவது இன்னிங்ஸில் மன்கட்டுக்கு இன்னும் 4 விக்கெட். பிப்ரவரி 10, இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் வெற்றி. மேட்ச் முழுக்க மன்கட் எடுத்தது 108 ரன்னுக்கு 12 விக்கெட். நாட்டின் முதல் டெஸ்ட் வெற்றி.

அடுத்த சில மாதங்களில் இந்திய அணி இங்கிலாந்து போக வேண்டும். அந்த அணியில் முதல் பெயர் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? மன்கட் பெயர் அதில் இல்லை.

என்ன கேட்டார், ஏன் மறுத்தார்கள்?

1952 கோடைக்கு ஹாஸ்லிங்டன் கிளப் அவரை அழைத்திருந்தது. கிளப்புக்குச் சீக்கிரம் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். இந்திய அணித் தேர்வோ அதற்குப் பிறகுதான்.

மன்கட் வாரியத்திடம் கேட்டது ஒன்றே ஒன்று. இங்கிலாந்து பயணத்துக்கு என்னை எடுப்பீர்களா என்று முன்கூட்டியே உறுதி கொடுங்கள், கொடுத்தால் லீக் வேலையை விட்டுவிடுகிறேன் என்பதுதான் அவர் நிலை. வாரியம் மறுத்துவிட்டது. எந்த வீரருக்கும் தேர்வுக்கு முன்பே இடத்தை உறுதி செய்ய முடியாது என்பது அவர்கள் வாதம்.

இரண்டு பக்கமும் யோசித்துப் பார்க்கலாம். வாரியத்தின் வாதம் முழுசாகத் தப்பு இல்லை. ஒருவருக்கு உறுதி கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள், அப்புறம் தேர்வுக் குழு எதற்கு?

ஆனால் மன்கட்டுக்கு அப்போது 35 வயது ஆகப் போகிறது. போர் விழுங்கிய வருஷங்கள் திரும்பி வராது. லீக்கை விட்டுவிட்டு, அணியிலும் எடுக்கவில்லை என்றால் அந்தக் கோடை முழுக்க வருமானம் பூஜ்யம். வாரியம் எதையும் இழக்காது, ரிஸ்க் முழுக்க வீரர் தலையில். மாதச் சம்பளமும் தராமல், இடமும் உறுதி செய்யாமல், வேறு வேலைக்கும் போகாதே என்று எதிர்பார்ப்பது என்ன கணக்கு?

மன்கட் ஹாஸ்லிங்டனுக்கே போனார்.

லார்ட்ஸ் டெஸ்ட்: அவசர அழைப்பு

1952 ஜூன், ஹெடிங்லியில் முதல் டெஸ்ட். இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியாவின் ஸ்கோர் 0 ரன்னுக்கு 4 விக்கெட். ஸ்கோர் போர்டு கெட்டுப்போய்விட்டதோ என்று பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம். அறிமுக வீரர் ஃபிரெட் ட்ரூமன் போட்ட போடு அது. இந்தியா தோற்றது.

உடனே வாரியத்துக்கு மன்கட் ஞாபகம் வந்தது. அவர் இங்கிலாந்தில்தானே இருக்கிறார்! ஆனால் இப்போது அவர் வேறு ஒருவரின் ஒப்பந்த வீரர். வீரரைக் கேட்டால் மட்டும் போதாது, கிளப்பிடம் கேட்க வேண்டும். ஹாஸ்லிங்டன் சம்மதித்தது. மீதி 3 டெஸ்ட்களுக்கும் அவரை விடுவித்தது.

ஜூன் 19, லார்ட்ஸ். லீக்கில் ஆடிக்கொண்டிருந்தவர் நேராக வந்து ஓப்பனிங் இறங்கினார். முதல் இன்னிங்ஸில் 72. பிறகு இங்கிலாந்து ஆடியபோது 73 ஓவர் வீசி, 196 ரன் கொடுத்து 5 விக்கெட். மறுபடி பேட் எடுத்து 184. கடைசியில் இன்னும் 24 ஓவர் பந்துவீச்சு. ஒரே டெஸ்ட்டில் 256 ரன், 97 ஓவர்!

இந்தியா 8 விக்கெட்டில் தோற்றது. இருந்தாலும் அந்த மேட்ச்சை மன்கட் டெஸ்ட் என்றே இன்றும் கூப்பிடுகிறார்கள். லார்ட்ஸ் மைதானத்தில் சதம் அடித்தவர்கள் பலகை, 5 விக்கெட் எடுத்தவர்கள் பலகை இரண்டிலும் அவர் பெயர் இருக்கிறது.

இப்போது திரும்ப அந்தக் கேள்விக்கு வருவோம். மார்ச்சில் இல்லாத மதிப்பு ஜூனில் எப்படி வந்தது? மன்கட்டின் திறமை அந்த 3 மாதத்தில் மாறவில்லை. மாறியது இரண்டு விஷயம்: வாரியத்துக்கு அவர் தேவைப்பட்டார், அவருக்கோ வாரியம் இல்லாமலும் பிழைக்க வழி இருந்தது. ஒரு வீரரின் விலை முடிவாவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான்.

அதற்குப் பிறகு என்ன ஆனார்?

வாரியம் அவரை ஒதுக்கிவிடவில்லை. 1954-55-ல் பாகிஸ்தான் போன இந்திய அணிக்கு அவரே கேப்டன். 1956 ஜனவரியில் மறுபடி மெட்ராஸ், இந்த முறை கார்ப்பரேஷன் ஸ்டேடியம், இன்றைய நேரு ஸ்டேடியம். நியூசிலாந்துக்கு எதிராக மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். அந்த உலக சாதனை 2008 வரை 52 வருஷம் நின்றது. மன்கட் அடித்த 231, இந்திய வீரர் ஒருவரின் அதிகபட்ச டெஸ்ட் ஸ்கோராக 1983 வரை இருந்தது. அதைக் கவாஸ்கர் முறியடித்ததும் சென்னையில்தான்.

1959-ல் கடைசி டெஸ்ட். மொத்தம் 44 டெஸ்ட், 2,109 ரன், 162 விக்கெட். 1973-ல் பத்ம பூஷன் கிடைத்தது. 1978 ஆகஸ்ட் 21 அன்று மும்பையில் இறந்தார், வயது 61. அவர் மகன் அசோக் மன்கட்டும் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். 2021-ல் ஐசிசி தன் ஹால் ஆஃப் ஃபேமில் வினு மன்கட் பெயரைச் சேர்த்தது.

சரி, இன்று ஒரு இளம் வீரரின் சம்பளம் எப்படி முடிவாகிறது?

முதலில் உள்நாட்டுப் போட்டிகள். இங்கே பேரம் கிடையாது, ரேட் கார்டுதான். 2021-ல் பிசிசிஐ அறிவித்தபடி, ரஞ்சி மாதிரி சீனியர் போட்டிகளில் 40 மேட்ச்சுக்கு மேல் ஆடியவருக்கு நாளுக்கு 60,000 ரூபாய். 21 முதல் 40 மேட்ச் வரை என்றால் 50,000. அதற்குக் கீழே 40,000. அதாவது சீனியாரிட்டிக்குச் சம்பளம். நீங்கள் அறிமுக மேட்ச்சிலேயே இரட்டைச் சதம் அடித்தாலும் 40,000தான்.

அடுத்து ஐபிஎல். 2008-ல் முதல் சீசனில் அண்டர்-19 வீரர்களுக்கு ஏலமே இல்லை. அணிகள் வரிசையாக ஆளை எடுத்துக்கொண்டன, சம்பளம் முன்பே நிர்ணயித்தது. விராட் கோலி பெங்களூருக்குப் போனது அப்படித்தான். அதன் பிறகு சில வருஷங்கள், இந்திய அணிக்கு ஆடாத வீரர்களுக்கு அனுபவத்தைப் பொறுத்து 10, 20, 30 லட்சம் என்று மூன்று படிகள் மட்டுமே. 2014-ல்தான் அவர்களும் ஏலத்துக்குள் வந்தார்கள்.

ஏலம் வந்ததும் கதை மாறியது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2016 டிஎன்பிஎல்லில் திண்டுக்கல் டிராகன்ஸுக்கு யார்க்கர் போட்டார். 2017 ஐபிஎல் ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம், போன விலை 3 கோடி. வருண் சக்கரவர்த்தி 2018 டிஎன்பிஎல்லில் மதுரைக்கு ஆடினார். அடுத்த ஏலத்தில் 20 லட்சத்தில் ஆரம்பித்து 8.4 கோடிக்குப் போனார். 13 வயது வைபவ் சூர்யவன்ஷியை 2024 நவம்பர் ஏலத்தில் 1.10 கோடிக்கு ராஜஸ்தான் எடுத்தது.

ஆனால் ஏலத்துக்கு மறுபக்கமும் உண்டு. சாய் சுதர்சனைப் பாருங்கள். 2022-ல் குஜராத் அவரை 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023 பிப்ரவரியில் டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை கிங்ஸ் கொடுத்தது 21.6 லட்சம். அதாவது மாநில லீக்கில் ஐபிஎல்லை விட அதிகம்! அந்த வருஷ ஐபிஎல் ஃபைனலில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தார். அதற்கு அடுத்த சீசனும் ஐபிஎல் சம்பளம் அதே 20 லட்சம். ஏனென்றால் பெரிய ஏலம் 3 வருஷத்துக்கு ஒருமுறைதான். அதுவரை அணி வைத்துக்கொண்டால் அதே விலை. 2025 சீசனுக்கு முன் தக்கவைப்பு வந்தபோதுதான் 8.5 கோடி ஆனது. நடுவில் அவர் வேறு அணியோடு பேச முடியுமா? முடியாது.

முயற்சி செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ரவீந்திர ஜடேஜா உதாரணம். இவரும் ஜாம்நகர், இவரும் இடது கை சுழல் ஆல்-ரவுண்டர்! ராஜஸ்தானுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேசினார் என்று 2010 சீசன் முழுக்கத் தடை செய்யப்பட்டார். 2012-ல் ஏலத்துக்கு வந்தபோது சென்னை சூப்பர் கிங்ஸ் கொடுத்தது 20 லட்சம் டாலர். இரண்டே வருஷ இடைவெளி. ஒன்றில் பேரம் பேசியதற்குத் தண்டனை, இன்னொன்றில் சந்தை விலை.

அமெரிக்காவில் எப்படி?

இந்த விஷயத்தில் ரொம்பத் தெளிவாகப் படி போட்டு வைத்திருப்பது அமெரிக்க பேஸ்பால்.

ஒரு இளம் வீரர் மேஜர் லீக்குக்கு வந்த முதல் 3 வருஷம், கிளப் சொல்வதுதான் சம்பளம். குறைந்தபட்சத் தொகை மட்டும் உறுதி. 2025-ல் அது 7,60,000 டாலர். அதற்கடுத்த 3 வருஷம் வீரர் ஒரு தொகை கேட்கலாம், கிளப் ஒரு தொகை சொல்லலாம். ஒத்துவரவில்லை என்றால் மூன்று நடுவர்கள் விசாரித்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். நடுவில் ஒரு தொகை சொல்ல முடியாது. அதனால் இரண்டு தரப்பும் நியாயமான தொகையையே சொல்லப் பார்க்கும். 6 வருஷ சர்வீஸ் முடிந்தால் சுதந்திரம், எந்த கிளப்போடும் பேசலாம்.

இதுவும் சும்மா வரவில்லை. 1970-களின் பாதி வரை, ஒரு கிளப்பில் சேர்ந்தால் அவர்களாக விடும் வரை அவர்களுக்கே சொந்தம் என்ற நிலை. கர்ட் ஃபிளட் என்ற வீரர் 1969-ல் தன்னை வேறு அணிக்கு மாற்றியதை ஏற்காமல் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1972-ல் தோற்றார். ஆனால் 1975-ல் வேறு இரண்டு வீரர்களின் வழக்கில் ஒரு நடுவர் தந்த தீர்ப்பு அந்தப் பூட்டை உடைத்தது. முக்கியமாக, அவர்களுக்குப் பின்னால் ஒரு வலுவான வீரர் சங்கம் இருந்தது. மன்கட்டுக்கு அது இல்லை. வாரியத்தோடு அவர் தனி ஆளாகத்தான் பேசினார்.

அப்போ எதெல்லாம் சம்பளத்தை முடிவு செய்கிறது?

சுருக்கமாகச் சொன்னால் நான்கு விஷயம். ஒன்று, வருமானம் எவ்வளவு: ஹாஸ்லிங்டனுக்கு டிக்கெட் காசு, ஐபிஎல்லுக்கு டிவி உரிமை. இரண்டு, எழுதி வைத்த விதி: குறைந்தபட்சம், படி, ஏலம் எப்போது. மூன்று, வீரருக்குப் போக வேறு இடம் உண்டா. நான்கு, அவர் தனியாகப் பேசுகிறாரா, கூட்டாகப் பேசுகிறாரா. திறமை இந்த நான்குக்கும் உள்ளேதான் வேலை செய்கிறது, வெளியே இல்லை.

பணம் எக்கச்சக்கமாக வந்துவிட்டது. ஒரு டெஸ்ட்டுக்கு இன்று 15 லட்சம். ஆனால் மூன்றாவது விஷயத்தில் மன்கட்டுக்கு இருந்தது இன்றைய இந்திய வீரருக்கு முழுசாக இல்லை. இங்கே ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களை வெளிநாட்டு டி20 லீக்குகளில் ஆட பிசிசிஐ விடுவதில்லை. 2024-ல் திண்டுக்கல் டிராகன்ஸைக் கோப்பைக்கு அழைத்துச் சென்ற அஸ்வின், வெளிநாட்டு லீக்குகளை மனதில் வைத்து, 2025 ஆகஸ்ட்டில் ஐபிஎல்லில் இருந்தே ஓய்வு அறிவிக்க வேண்டியிருந்தது. மன்கட் கோடையில் ஹாஸ்லிங்டன், குளிர்காலத்தில் இந்தியா என்று ஆட முடிந்தது. அஸ்வினுக்கு ஒன்றை மூடினால்தான் இன்னொன்று திறக்கும்.

கடைசியாக ஒன்று. பிசிசிஐ ஆண்டுதோறும் நடத்தும் ஆண்கள் அண்டர்-19 ஒருநாள் போட்டியின் பெயர் வினு மன்கட் டிராபி. கீரனூரிலோ நத்தத்திலோ ஆடி, மாவட்டத் தேர்வு தாண்டி, தமிழ்நாடு அணிக்குப் போகும் ஒரு பையன் முதன்முதலில் கிரிக்கெட்டில் சம்பாதிப்பது இந்தப் போட்டியில்கூட இருக்கலாம். 2021 அறிவிப்புப்படி அண்டர்-19 வீரருக்கு நாளுக்கு 20,000 ரூபாய். அந்தப் பையன் கேட்காமலேயே, எழுத்தில், முன்கூட்டியே உறுதியாக இருக்கும் தொகை. 1952-ல் மன்கட் வாரியத்திடம் எதிர்பார்த்ததும் அப்படி முன்கூட்டியே ஒரு உறுதியைத்தான்.